ஆதாரம் இல்லாத வரி

அந்த வரியை நீக்கியபோது திலகவதிக்கு மனதுக்குள் சின்னதாக ஒரு நிறைவு இருந்தது. அவரைக்காயின் நாரை நடுவில் அறுந்துவிடாமல் ஒரே இழுப்பில் உரித்தெடுக்கும்போது வருமே, அந்த மாதிரி. பிற்பாடு அவளை அதிகமாகப் பயமுறுத்தியது அந்த நிறைவுதான்.

வரி இது: 'வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் பல திரும்பி வந்து இன்றும் படுகையில் வாழ்கின்றன.'

சீர்காழியில் ஒரு மகளிர் கல்லூரியில் அவள் வரலாறு சொல்லிக்கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கணினி அறையில் உட்கார்ந்து, மாணவிகள் அறிவகத்துக்காக எழுதிய வரைவுகளைத் திருத்தித் தருவாள். அறிவகம் ஒரு இணையக் கலைக்களஞ்சியம். இயந்திரங்கள் எழுதிக் குவித்ததில் இணையம் முழுக்க மெய்யும் பொய்யும் பிரித்தறிய முடியாமல் கலந்துபோன பிறகு, மனிதர் எழுதி, மனிதர் சரிபார்த்து, வரிக்கு வரி ஆதாரம் காட்டிய இடம் என்று அது ஒன்றுதான் மிஞ்சியது. அதனால் அரசாங்கத்தின் இயந்திரங்களும் அதையே படிக்க ஆரம்பித்தன. பேருந்து எங்கே நிற்க வேண்டும், மருந்து ட்ரோன் எங்கே இறங்க வேண்டும், ஆம்புலன்ஸ் எந்தப் பாதையில் போக வேண்டும் எல்லாவற்றுக்கும் அதுவே மூலம். திலகவதிக்கு இது தெரியும். சுவருக்குள் மின்சாரம் ஓடுகிறது என்று தெரிந்திருப்பதுபோலத் தெரியும்.

"இந்த வரிக்கு ஆதாரம் எங்கம்மா?" என்று கேட்டாள்.

இசைவாணி இரண்டாம் ஆண்டு மாணவி. விடுதியில் தங்கிப் படித்தாள். ஊர் நாணல்படுகை. கொள்ளிடத்துக்கும் பெரிய கரைக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால், படகில்தான் போகவேண்டும். முன்பொரு பெருவெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்த எல்லாக் குடும்பங்களையும் கரைமேல் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றிவிட்டதாக அரசு அறிக்கை ஒன்று இருந்தது. இசைவாணியின் வரைவில் ஆதாரத்தோடு நின்றது அந்த ஒரு வரிதான்.

"மேடம், எங்கம்மா அங்கதான் இருக்காங்க. காலையிலகூட போன் பண்ணி ஏசுனாங்க."

"எதுக்குடீ?" என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த ரெஹானா.

"ரெண்டு வாரமா ஊருக்கு வரலைன்னு."

"அப்ப அடிக்குறிப்புல போட்டுரு. ஆதாரம்: அம்மா ஏச்சு, காலை, கைப்பேசி வழியாக."

அறை முழுவதும் சிரித்தது. திலகவதியும் சிரித்தாள்.

"இங்க பாரு இசைவாணி. நேர்ல பார்த்தது ஆதாரம் ஆகாது. வேற யாராவது பார்த்து அச்சுல போட்டிருக்கணும். அதை நாம எடுத்துச் சொல்லலாம். அவ்வளவுதான் நம்ம வேலை."

"அப்ப நான் பொய் சொல்றேனா மேடம்?"

"இல்லம்மா, உண்மைதான் சொல்றே. ஆனா சரிபார்க்க முடியாத உண்மை. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அப்படிச் சொன்னபோது இரண்டு மூன்று பேர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டதைக் கவனித்தாள். அறிவகத்தின் வரைவாளர் கையேட்டை எழுதியவளே அவள்தான். தன்னைப் போல வரைவைச் சுத்தம் செய்ய இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை என்ற எண்ணம் அவளுக்கு உண்டு. யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் உண்டு.

வரி போனது. கட்டுரை அந்த வாரமே ஏற்கப்பட்டது. இசைவாணியின் முதல் கட்டுரை என்பதால் கேன்டீனில் எல்லோருக்கும் சமோசா. இசைவாணியின் தோளில் கைபோட்டு திலகவதி நிற்கும் படம் ஒன்றை ரெஹானா எடுத்தாள்.

*

ஆடி முடிவதற்குள் மேட்டூர் நிரம்பியது. கொள்ளிடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்த காலையில், இசைவாணி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்ன பிறகும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"மேடம், அம்மாவுக்கு சுகர் மாத்திரை வரலையாம். போன வாரமும் வரலை. கேட்டா, அந்த இடத்துக்கு விநியோகம் இல்லைன்னு வருதாம். முந்தாநாள்லேருந்து லாஞ்சுப் படகும் வரலை."

"தண்ணி ஏறுதுன்னு நிறுத்தியிருப்பாங்கம்மா."

"மத்த படுகைக்கெல்லாம் போகுதே மேடம்."

திலகவதியின் உள்ளங்கை ஈரமானது. அவளுக்கு ஒன்று புரிவதற்கு முன்பே உடம்புக்குப் புரிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கணினியைத் திறந்து நாணல்படுகை பக்கத்துக்குப் போனாள். வலது ஓரத்தில், இயந்திரங்கள் படிப்பதற்காகத் தானாகவே உருவாகும் சிறிய பெட்டி ஒன்று இருந்தது. மாவட்டம், ஆறு, நிலத்தின் தன்மை. அதற்குக் கீழே, மக்கள்தொகை: இல்லை. கட்டுரை ஏறுவதற்கு முன் இந்த ஊருக்கு அப்படியொரு பெட்டியே இருந்ததில்லை.

நீக்கிய வரியை மறுபடி சேர்த்தாள். ஒரு கணம் நின்றது. பிறகு மறைந்தது. காரணம் கட்டத்துக்குள் வந்தது: 'நேரில் கண்டது ஆதாரம் ஆகாது. பார்க்க: வரைவாளர் கையேடு.' அவளுடைய வாக்கியம். அந்த முற்றுப்புள்ளிகூட அவள் வைத்ததுதான்.

அதே சமயம் அறையில் இருந்த எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக அதிர்ந்தன. பொருளியல் துறை ஆசிரியை ஒருத்தி சத்தமாகப் படித்தாள். "ஆற்றில் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டும். சீர்காழி நகரத்துக்கு ஆபத்து இல்லை. மாலையில் உபரி நீர் ஆளில்லாத பகுதியான நாணல்படுகைக்குத் திருப்பப்படும். அப்பாடா. போன தடவை எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் மிதந்துச்சு."

அப்பாடா என்று திலகவதியின் நெஞ்சுக்குள்ளும் ஒன்று சொன்னது. அவள் வீடும் தாழ்வான தெருவில்தான் இருந்தது. அந்தச் சொல் முழுதாக எழுந்து அடங்கிய பிறகுதான், வாசலில் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

*

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் பேசிய பொறியாளர் சலித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீங்க சொல்றதை நம்புறேன் மேடம். நம்பி என்ன பண்றது? மதகைத் திறக்கறது நான் இல்லை, இயந்திரம். எந்த இடத்துல ஆள் இல்லையோ அங்க தண்ணியை விடும். அதுக்குத்தான் இந்த ஏற்பாடே. முன்னாடி மனுஷன் முடிவெடுத்தப்ப, செல்வாக்கு உள்ளவன் ஊரைக் காப்பாத்தி இல்லாதவன் ஊரை முக்குனாங்க. அதனால மனுஷன் கைக்கு எட்டாதபடி பண்ணிட்டாங்க."

"அங்க இருக்கறவங்க போன் சிக்னல் காட்டாதா சார்?"

"டவர் இந்தக் கரையில மேடம். எல்லாம் கரைமேல இருக்கற வீட்டுக் கணக்குலதான் விழும். ஒரு ஆதாரம் கொடுங்க. அறிவகத்துல ஒரு வரி ஏறட்டும். உடனே அபாய மணி அடிக்கும், படகு போகும். நான் ஒண்ணும் செய்ய வேணாம், எல்லாம் தானா நடக்கும்."

"நீங்க ஒரு படகு அனுப்ப முடியாதா?"

"எல்லாப் படகும் அதோட உத்தரவுலதான் மேடம் நகரும்." கொஞ்சம் தயங்கி, "எனக்கும் பொண்ணு இருக்கா," என்றார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாததுபோல் போனை வைத்துவிட்டார்.

இசைவாணி அதற்குள் அம்மாவைப் பிடித்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்த அம்மாள் பெயர் வேம்பு. பின்னால் மாடு கத்தும் சத்தம் கேட்டது.

"யம்மா, சாயங்காலம் தண்ணி விடப்போறாங்களாம். கிளம்பி வந்துரு."

"யாருடி சொன்னா? மணி அடிக்கலையே."

"மணி அடிக்காதும்மா. அதுக்கு நீங்க இருக்கறதே தெரியாது."

"ஏன் தெரியாம? போன வருஷம் தெரிஞ்சுதே, விடியவிடிய அடிச்சுதே. மணி அடிச்சா வரமாட்டேன்னா சொல்றோம்? லாஞ்சும் இல்ல. நம்ம ஓடம் இந்த இழுப்புல தாங்காது. சின்னப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு எப்படி வர்றது? நீ வேற பயமுறுத்தாத. டீச்சர் பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன்மா," என்றாள் திலகவதி.

"டீச்சர், எங்க ஊரைப் பத்தி கம்ப்யூட்டர்ல போட்டீங்களாம். இவ படிச்சுக் காட்டுனா. ரொம்ப அழகா இருந்துச்சு."

அந்த அழகு, தான் அந்த வரியை நீக்கியதால் வந்தது என்று நினைத்தாள் திலகவதி.

அவளுடன் கல்லூரியில் படித்த தாமோதரன் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் இருந்தார். அறிவகம் ஏற்கும் நாளிதழ்களில் அதுவும் ஒன்று. இணையப் பதிப்பில் இரண்டு வரி வந்தாலும் போதும். அவரைக் கூப்பிட்டாள்.

"போடறேன் திலகா. ஆனா ஏறாது," என்றார் தாமோதரன். "நாங்க அடிக்கற ஒவ்வொரு செய்தியையும் மென்பொருள் அறிவகத்தோட ஒப்பிட்டுத்தான் உள்ள விடும். அங்க ஆள் இல்லைன்னு இருந்தா, இங்க இருக்குன்னு அடிக்க முடியாது."

"அறிவகம் உங்களைக் கேக்குது. நீங்க அறிவகத்தைக் கேக்கறீங்க."

"ஆமா. ரெண்டு பேருக்கும் நடுவுல ஆத்துல இருக்கறவன் போயிடுவான்." அவர் சிரிக்க முயன்று நிறுத்தினார். "இந்தப் பத்திரிகையில சரிபார்க்காம போறது விளம்பரம் ஒண்ணுதான். காசு கட்டுனா போதும். பழைய கட்டில் விக்கறவன், மணமகள் தேடறவன், அஞ்சலி போடறவன்."

திலகவதி போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். கையேட்டில் அவளே சேர்த்த ஒரு விதி நினைவுக்கு வந்தது. புகழ்பெறாத மனிதர்களைப் பற்றி எழுதும்போது எங்கே வாழ்ந்தார், எப்போது இறந்தார் என்பதற்கு ஆதாரம் கிடைக்காமல் மாணவிகள் திண்டாடுவார்கள். அவர்களுக்காக, நாளிதழில் வெளிவந்த கண்ணீர் அஞ்சலியை ஏற்கலாம் என்று எழுதியிருந்தாள். எந்தக் குடும்பமும் சாவைப் பொய்யாக அச்சிடாது என்று நம்பி எழுதியது.

"இசைவாணி," என்றாள். யோசித்ததைச் சொன்னாள்.

இசைவாணி முழுவதையும் கேட்டாள். அழவில்லை. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் மேடம்," என்றாள்.

அந்தப் பக்கம் மாடு கத்திக்கொண்டிருந்தது. பிறகு வேம்பு, "நான் செத்தேன்னு போட்டா மணி அடிக்குமா?" என்று கேட்டாள்.

"அடிக்கும்மா."

"அப்பப் போடு. நல்ல போட்டோவா போடு, ரேஷன் கார்டுல இருக்கறது வேணாம். செல்வி கல்யாணத்துல எடுத்தது இருக்கு பாரு, பச்சைப் புடவை. அதைப் போடு."

பெற்ற மகளே அதைத் தட்டச்சு செய்தாள். 'கண்ணீர் அஞ்சலி. நாணல்படுகையில் வசித்துவந்த எங்கள் அருமைத் தாயார் திருமதி வேம்பு அவர்கள் இன்று காலை தமது இல்லத்தில் இயற்கை எய்தினார். ஆழ்ந்த துயரத்துடன், மகள் மற்றும் படுகைவாழ் மக்கள்.' இயற்கை எய்தினார் என்ற இடத்தில் விரல் நின்றது. விஷயம் கேட்டு ஓடிவந்திருந்த ரெஹானா அவள் கையின்மேல் தன் கையை வைத்து, இருவருமாகச் சேர்ந்து அந்தச் சொல்லை முடித்தார்கள். திலகவதி பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. இங்கே ஒரு துளி மழை இல்லை. ஆறு எங்கோ பெய்ததைக் கொண்டுவந்துகொண்டிருந்தது.

தாமோதரன் பணம் வாங்கவில்லை. விளம்பரம் ஏறிய மறுநிமிடம், திலகவதி தான் நீக்கிய வரியை மறுபடி எழுதி அடிக்குறிப்பில் அதைச் சேர்த்தாள். வரி நின்றது. மறையவில்லை. ஓரத்துப் பெட்டியில் மக்கள்தொகை என்ற இடத்தில், 'உண்டு' என்று மாறியது.

ஸ்பீக்கரில் இன்னும் வேம்புவின் போன் திறந்தே இருந்தது. அதற்குள்ளிருந்து அபாய மணி அலறியது.

*

கரைமேல் இருந்த பள்ளிக்கூடத்தில் முகாம். இவர்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது படகுகள் இரண்டாவது முறை திரும்பியிருந்தன. குழந்தைகள், மூட்டைகள், ஒரு சேவல். படுகையின் மதகு திறக்கப்படாது என்று அறிவித்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

வேம்பு மெலிந்த, உயரமான பெண். மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. "மாட்டை அவுத்து மேட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்," என்று அதைத்தான் முதலில் சொன்னாள். அவள் மருந்து வழங்கும் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள். அது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியது. இந்தப் பயனாளி இன்று காலமானார்.

பக்கத்தில் நின்ற தன்னார்வலப் பெண் சங்கடத்தோடு, "பாட்டரி போயிருக்கும்மா," என்றாள்.

"அதெல்லாம் இல்ல. செத்தவளுக்கு எங்க சுகர் ஏறப்போவுதுன்னு நினைச்சிருக்கும்," என்றாள் வேம்பு. பிறகு திலகவதியிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளைக்கு டீச்சர் நான் இப்படி இருக்கணும்?"

அஞ்சலி பொய் என்று அறிவித்தால் அடிக்குறிப்பு விழும். அடிக்குறிப்பு விழுந்தால் வரி விழும். படுகை மறுபடி ஆளில்லாத இடமாகிவிடும். ஆகையால் இந்த வருஷம் மட்டுமில்லை, அடுத்த ஆடிக்கும் இவள் செத்துத்தான் இருக்க வேண்டும். இதெல்லாம் திலகவதியின் மனதில் வரிசையாக வந்தது.

"தண்ணி வடியட்டும்மா," என்றாள்.

அப்போதுதான் முகாம் முழுவதும் கைப்பேசிகள் அதிர்ந்தன. ரெஹானா படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் மெதுவானது.

"நாணல்படுகையில் மக்கள் உள்ளதால், உபரி நீர் வேறு ஆளில்லாத பகுதியான கோரைமேட்டுக்குத் திருப்பப்படும். இருட்டுவதற்குள் மதகு திறக்கப்படும்." நிமிர்ந்தாள். "கோரைமேடு நம்ம காலேஜ்ல எழுதினதுதானே மேடம்? போன செட் அக்காங்க?"

திலகவதி பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீருக்கு எங்காவது போயாக வேண்டும் என்பது காலையிலிருந்து அவளுக்குத் தோன்றவே இல்லை. கைப்பேசியில் கோரைமேட்டின் பக்கத்தைத் திறந்து பழைய மாற்றங்களுக்குப் போனாள். அவள் பெயர் இருந்தது. ஆதாரமற்ற வரி நீக்கம். நீக்கிய வரி சிவப்பாக இருந்தது: 'வாத்து மேய்ப்பவர்கள் சில மாதங்களில் குடும்பத்துடன் இங்கே கூடாரமடித்துத் தங்குவர்.'

நினைவுக்கே வரவில்லை. அந்தப் பெண்ணின் முகமும் வரவில்லை. ஒரே இழுப்பில் உரித்த நிறைவு மட்டும், எத்தனையோ வெள்ளிக்கிழமைகளின் நிறைவு, அப்படியே நினைவிருந்தது.

"இப்ப இருப்பாங்களா மேடம்?" என்றாள் இசைவாணி.

"தெரியலை."

"யாரையாவது கூப்பிட்டுக் கேக்கலாமா?"

"யாரை? அவங்க பேர்கூட எழுதலையே."

"இல்லாமக்கூட இருக்கலாம்," என்றாள் ரெஹானா மெதுவாக. "அங்கயும் விடலைன்னா எங்கதான் மேடம் விடும்?"

"ஆள் இல்லாத இடமே இல்லைன்னா, எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு விடும். ஊருக்குள்ள முழங்கால் வரைக்கும் வரும். எங்க வீட்டுக்குள்ள இடுப்பு வரைக்கும் வரலாம். மணி அடிச்சுட்டுத்தான் விடும். மாடியில ஏறிக்கலாம்."

சேவல் மூட்டைமேல் ஏறி நின்று சுற்றிப் பார்த்தது.

"என் பேரையே போடுங்க டீச்சர்," என்றாள் வேம்பு. "நான்தான் செத்தாச்சே. அங்கயும் சாகடிச்சுருங்க."

"ஒருத்தர் ஒரு தடவைதான் சாக முடியும்மா. ரெண்டாவதை அது ஏத்துக்காது."

சொல்லிவிட்டு திலகவதி விளம்பரப் பக்கத்தைத் திறந்தாள். இறந்தவர் பெயர் என்ற கட்டம் காத்திருந்தது. வேறு யார் பெயரையும் எழுதக் கை வரவில்லை. சம்பளம் நின்றுவிடும். கையேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தேதி ஏறும். இனி ஒரு வரியைச் சேர்க்கவோ நீக்கவோ அவளால் முடியாது. இதில் எது தன்னை அதிகம் பயமுறுத்துகிறது என்று தேடிப் பார்த்தாள். கடைசியாக வந்ததுதான். அதை உணர்ந்தபோது தன்மேல் அவளுக்கே ஒரு கூச்சம் வந்தது.

'கோரைமேட்டில் வாத்து மேய்ப்போருடன் தங்கியிருந்த' என்று தொடங்கித் தன் பெயரை எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதிய வாக்கியங்களிலேயே சரிபார்க்கவே முடியாத வாக்கியம் அது. படம் கேட்டது. கைப்பேசியில் தேடினாள். தான் மட்டும் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. சமோசா தின்ற நாளில் எடுத்ததை எடுத்து, இசைவாணியை வெட்டினாள். தோளில் போட்டிருந்த கை மட்டும் பாதியில் நின்றது.

துயருறும் குடும்பத்தார் என்ற கட்டத்தில் விரல் நின்றது.

"என் பேரைப் போடுங்க மேடம்," என்றாள் இசைவாணி.

"என் பேரும்," என்றாள் ரெஹானா. "வரியை நான் சேர்க்கறேன். அடிக்குறிப்பு எப்படிப் போடணும்னு தெரியும்."

"முற்றுப்புள்ளிக்கு அப்புறம் போடணும்."

"தெரியும் மேடம். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

அழுத்தினாள். ரெஹானாவின் விரல்கள் ஓடின. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆற்றின் கீழ்ப்பக்கத்தில், தொலைவில், ஒரு மணி ஒலிக்கத் தொடங்கியது. அங்கே அதைக் கேட்க யாராவது இருந்தார்களா என்று தெரியவில்லை. அதைத் தொடர்ந்து ஊர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று, இன்னொன்று. முகாமில் ஒவ்வொருவர் மடியிலும் கையிலும் கைப்பேசிகள் ஒளிர்ந்து அதிர்ந்தன. மாடிக்குச் செல்லுங்கள், மாடிக்குச் செல்லுங்கள் என்று எல்லாம் ஒரே குரலில் சொல்லின.

திலகவதி தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.